இரண்டு அங்குலப் படி: விசுவமடுவில் ஒரு வீடும், அதைக் கூட்டும் ஒரு ரோபோவும்

பெட்டியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்ததும் பெரியம்மா கேட்டார்: "தம்பி, உது தண்ணி அள்ளுமோ?"

அள்ளாது என்றேன். "தேங்காய் துருவுமோ?" துருவாது. "அப்ப என்னதான் செய்யும்?" வீடு கூட்டும் என்றேன். மூலையில் சாத்தியிருந்த தும்புத்தடியை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இது 2025 தை மாதம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டியில் கொடுத்துவிட்ட பொருள் அது. தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வட்டமாக, மேலே சின்ன மகுடம் ஒன்றோடு இருந்தது. நான் கிளிநொச்சியில் ஏ-9 வீதிக்கருகே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "நீ போய்ப் பூட்டிக் குடு" என்று அண்ணா சொன்னதால் போனேன். போனவன் அந்த வருடம் மார்கழி வரை கிழமைக்கு ஒருதரமாவது போய்ப் பார்த்தேன். பேத்தி ஒரு சீ.ஆர். கொப்பியில் நாளாந்தம் எழுதி வைத்தாள். அந்தக் கொப்பியும் என் ஞாபகமும் சேர்ந்ததுதான் இந்த ஆய்வு. ஒரு வீடு, ஒரு இயந்திரம், ஒரு வருடம். இதை வைத்து வன்னி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் "அம்மாவுக்கு இப்படி ஒன்று அனுப்பலாமா?" என்று வெளிநாட்டிலிருந்து கடைக்கு போன் எடுப்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும்.

வீடும் ஆளும்

பெரியம்மாவுக்கு வயது 67. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 பங்குனியில் மாத்தளனில் ஷெல் பட்டது. செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து செயற்கைக் கால்தான். சீனி வருத்தமும் இருக்கிறது. கூட இருப்பது பேத்தி மட்டும். உயர்தரம் படிக்கிறாள், மாலையில் ரியூசன்.

வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. ஐந்தரை இலட்சம் ரூபாயைத் தவணை தவணையாகத் தந்து, வீட்டுக்காரரே நின்று கட்டிக்கொள்ளும் முறை. 550 சதுர அடிக்குள் இரண்டு அறை, ஹோல், குசினி. பிறகு அண்ணா அனுப்பிய காசில் முன்னுக்கு விறாந்தை இழுத்தார்கள். நிலம் சிமெந்து. சாமி அறைக்கு மட்டும் கறுப்பு நிறம் கலந்து மினுக்கி விட்டிருந்தார்கள். இந்தக் கறுப்பு நிலம் பின்னால் ஒரு வேலை காட்டியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றிவர மணல். சோளகம் அடிக்கும் மாதங்களில் கதவைப் பூட்டி வைத்தாலும் மத்தியானத்துக்குள் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். மாரியில் அதே மணல் சேறாகி, செருப்போடும் கோழியோடும் உள்ளே வரும். போதாததற்குப் பெரியம்மா விறாந்தையில் இருந்து கச்சான் உடைத்துக் கொடுக்கிறார், கிலோ கணக்குக்குக் கூலி. கோது காற்றில் பறந்து கட்டிலுக்கு அடி வரை போகும்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் இதை நான் காசுக்காரர் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டு அறை வீட்டைக் கூட்ட எவ்வளவு நேரம் போகும்? கால் மணித்தியாலம். அதற்கு ஒரு ரோபோவா? ஒரு மாதம் கழித்து ஒருநாள் இரவு அங்கே தங்க வேண்டி வந்தது. அப்போதுதான் விளங்கியது.

இரவு ஏழு மணிக்குப் பிறகு பெரியம்மா செயற்கைக் காலைக் கழற்றிவிடுவார். நாள் முழுக்கப் போட்டிருந்தால் வேர்த்துத் தோல் வெந்துபோகும். கழற்றிய பிறகு ஊன்றுகோலைத் தேடி எழும்புவதைவிட, நிலத்தில் இருந்தபடி அரக்கி அரக்கிப் போவதுதான் அவருக்கு லேசு. டீவியடிக்கும் பாய்க்கும் குசினி வாசலுக்கும் அப்படித்தான். நிலத்தில் மணல் கிடந்தால் அது வெட்டுப்பட்ட காலின் முனையில் உராய்ந்து கீறும். கீறின இடம் புண்ணானால் சீனி வருத்தக்காரருக்குச் சுறுக்காய்க் காயாது. காயும் வரை செயற்கைக் காலைப் போட முடியாது. போடாவிட்டால் கிணற்றடியும் இல்லை, கடையும் இல்லை, கோயிலும் இல்லை. ஒருமுறை மூன்று கிழமை அப்படி வீட்டுக்குள் கிடந்திருக்கிறார். காலையில் கூட்டிய வீட்டில் பின்னேரம் மறுபடி மணல் சேர்ந்துவிடும். பின்னேரம் இரண்டாம் முறை கூட்ட அவருக்குத் தெம்பு இருக்காது, பேத்தி ரியூசனால் வர ஏழு மணியாகும்.

ஆக இந்த வீட்டில் கேள்வி "கூட்டுவதற்கு ஆள் உண்டா" என்பதல்ல. பின்னேரம் ஆறு மணிக்கு நிலம் சுத்தமாக இருக்குமா என்பதுதான். இயந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான வேலை ஒன்றைக் கொடுக்க முடியாது.

இயந்திரம், அதன் சின்னச் சின்னக் கரைச்சல்கள்

இந்த வகை இயந்திரங்கள் புதிதல்ல. சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001இல் ட்ரைலோபைட் என்ற ஒன்றை விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவின் ஐரோபோ நிறுவனத்தின் ரும்பா 2002 புரட்டாதியில் கடைக்கு வந்தது. போரால் பூட்டிக்கிடந்த ஏ-9 பாதை எங்களுக்குத் திறந்தது அதே வருடம் சித்திரையில். அந்தக் காலத்து ரும்பாவுக்கு வரைபடம் கிடையாது. சுழன்று, முட்டி, திரும்பி, சுவரோடு ஓடி, அதிர்ஷ்டத்தை நம்பிக் கூட்டும். பெரியம்மா வீட்டுக்கு வந்ததோ லைடார் பூட்டியது. தலையிலிருக்கும் மகுடத்துக்குள் ஒரு லேசர் சுழன்றுகொண்டே சுவர் எவ்வளவு தூரம் என்று அளந்து, வீட்டின் படத்தைத் தானே கீறிக்கொள்ளும். கமரா இல்லை. அண்ணா தெரிந்து வாங்கினாரோ தெரியாமல் வாங்கினாரோ, அது நல்லதாய்ப் போயிற்று. 2020இல் சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடிய ரும்பாக்கள் எடுத்த படங்கள், கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, இணையத்தில் வெளியாகி இருந்ததை 2022 கடைசியில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ சஞ்சிகை எழுதியது. வீட்டுக்குள் ஒரு கண் சுற்றித் திரிவதை எங்கள் சனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லைடார் வாங்குங்கள், கமரா வேண்டாம்.

அடுத்தது கறண்ட். சார்ஜ் ஏற்றும் தட்டின் அடியில் 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. எங்கள் வீடுகளில் வருவது 230. பிளக்கை மட்டும் மாற்றி நேரே செருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். சில தட்டுகள் 100 முதல் 240 வரை ஏற்கும், சில ஏற்காது. அனுப்புபவர்கள் பெட்டியை ஒட்டுவதற்கு முன்னம் அந்த ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் 230ஐ 110 ஆக்கும் சின்ன மின்மாற்றி ஒன்றைப் போட்டேன். பற்றரி 14.4 வோல்ட், 5200 மில்லி அம்பியர் மணி. பெருக்கினால் 75 வாட் மணி வரும், விமானத்தில் கேள்வியில்லாமல் கொண்டுவரக்கூடிய 100 வாட் மணிக்கு உள்ளேதான். தினமும் வெறுமையிலிருந்து நிரப்பினாலும், வீணாவதையும் சேர்த்து மாதத்துக்கு மூன்று யூனிட்டைப் பெரிதாகத் தாண்டாது. பில்லைப் பற்றிப் பெரியம்மா பட்ட கவலை அதோடு போயிற்று.

போன் செயலி 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைத்தான் பிடிக்கும் என்று அடம்பிடித்ததைச் சொல்லி உங்களைச் சலிப்பூட்டவில்லை. ரவுட்டரில் மாற்றிவிட்டால் சரி.

14 நாள்

முதல் 14 நாளில் ரோபோ தானாகத் தொடங்கி, தானாக முடித்து, தானாகத் தட்டில் ஏறியது 3 நாள் மட்டும். கொப்பியில் பேத்தி எழுதியிருந்தவை இப்படிப் போகின்றன: "அம்மம்மாவின் பாயின் விளிம்பை விழுங்கிவிட்டது." "போன் சார்ஜர் வயரை இழுத்துக்கொண்டு குசினி வாசல் வரை போனது." "கால்மிதியின் தும்பு பிரஷில் சுற்றிவிட்டது, கத்திரிக்கோலால் வெட்டினேன்." "கோழி." அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். உள்ளே வந்த கோழி போட்ட எச்சத்தின் மேல் ஏறி, அதை ஹோல் முழுக்க வடிவாகக் கோடு கோடாகப் பூசிவிட்டது ரோபோ. இயந்திரத்துக்கு மணலும் எச்சமும் ஒன்றுதான்.

சாமி அறைக்குள் அது போகவே இல்லை. வாசல் வரை வரும், தயங்கும், திரும்பிவிடும். "பாத்தியே, மச்சம் சாப்பிட்ட வீடு எண்டு அதுக்கும் தெரியுது" என்றார் பெரியம்மா. காரணம் வேறு. அடியில் இருக்கும் உணரிகள் நிலத்துக்கு அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் படிக்கட்டு அல்லது பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பு நிலம் அந்த ஒளியைக் குடித்துவிடும். உணரிகளுக்கு மேல் வெள்ளை ரேப் ஒட்டி ஏமாற்றலாம், பலர் செய்கிறார்கள். விறாந்தையில் மூன்று படி இருக்கும் வீட்டில் நான் அதைச் செய்யமாட்டேன். சாமி அறை தும்புத்தடிக்கே விடப்பட்டது. பெரியம்மாவுக்கு அதில் திருப்தி.

அது பேசுவது ஆங்கிலம். எங்காவது மாட்டுப்பட்டால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் ஏதோ சொல்லும். தனியே இருக்கும் நேரத்தில் அந்தக் குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தபோது பெரியம்மா உண்மையிலேயே பயந்துவிட்டார். வாலெட்டூடோ என்று ஒரு திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. சில வகை ரோபோக்களில் அதை ஏற்றினால் நிறுவனத்தின் சேர்வரே இல்லாமல் ஓடும், குரலையும் நாங்களே மாற்றலாம். இந்த மாடல் அதற்கு ஒத்துக்கொண்டது. இரண்டு இரவு கடையில் இருந்து மினக்கெட்டேன், பேத்தி போனில் குரல் பதிந்து தந்தாள். இப்போது அது சொல்வது: "அம்மம்மா, நான் மாட்டுப்பட்டுப் போனன்." பெரியம்மா "ஓம் வாறன், நில்லு" என்று பதில் சொல்லிக்கொண்டே போய் ஊன்றுகோல் முனையால் தட்டி விடுவார்.

சேர்வர் இல்லாமல் ஓடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்த வகை இயந்திரம் செய்த நியாட்டோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. ரும்பாவைப் பெற்ற ஐரோபோவே 2025 மார்கழியில் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அங்கே கம்பனி சரிந்தால் இங்கே விசுவமடுவில் ரோபோ ஊமையாகக்கூடாது.

படி

பெரிய தடை நிலைப்படிதான். இரண்டு அறைக்கும் குசினிக்கும் நிலையோடு சேர்ந்த படி இரண்டு அங்குலம். இந்த இயந்திரம் ஏறுவது இரண்டு சென்ரிமீற்றர். இரண்டு அங்குலம் என்பது ஐந்து சென்ரிமீற்றர். ஆகவே ஹோலை மட்டும் கூட்டிவிட்டு, மூன்று வாசலிலும் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

அண்ணாவிடம் சொன்னேன். "எவ்வளவு முடிஞ்சாலும் பரவாயில்லை, படியைச் சரிக்கட்டு" என்று அன்றிரவே காசு போட்டார்.

படியை உடைப்பதற்குப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. முன்வாசல் படி லட்சுமி இருக்கும் இடம், அதோடு மாரியில் தண்ணீரையும் பாம்பையும் மறிப்பதும் அதுதான். உள்வாசல் படிகளையும் உடைத்தால் நிலை ஆடும் என்றார் மேசன். சரி, உடைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சரிவு வைப்போம் என்று முடிவாயிற்று. தச்சு வேலை செய்யும் ஒருவர் பனஞ்சலாகையில் எட்டு அங்குல நீளத்துக்குச் சரிவு செய்து தந்தார். ரோபோ ஒரு முனகலோடு ஏறி இறங்கியது. நானும் பேத்தியும் கைதட்டினோம்.

அடுத்த நாள் காலை பெரியம்மா அந்தச் சரிவில் சறுக்கினார். நிலையைப் பிடித்ததால் விழவில்லை.

அன்றைக்குத்தான் அவருடைய காலை ஒழுங்காகப் பார்த்தேன். அந்தச் செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் மடங்காது. எங்கள் பாதம் சரிவில் தானாக வளைந்துகொடுக்கும். அவருடையது வளையாது. சரிவு செங்குத்தாக இருந்தால் குதி மட்டும் ஊன்றி, முழங்கால் முன்னுக்குத் தள்ளப்படும். சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓரங்குலம் ஏற ஓரடி நீளம். ஆகவே இரண்டு அங்குலப் படிக்கு இரண்டடி. ரோபோவுக்குப் போதுமானதும் மனிசருக்குப் போதுமானதும் ஒன்றல்ல.

பலகையைக் கழற்றிவிட்டு மேசனைக் கூப்பிட்டோம். இரண்டடிக்குச் சிமெந்துச் சரிவு, காயமுன் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்கி விட்டார். சரிவில் தட்டும் என்பதால் அறைக் கதவுகளைக் கழற்றித் திரை போட்டோம். திரையை லைடார் சுவர் என்று நினைத்தது. ஐந்து மணிக்குத் திரையைத் தூக்கிக் கட்டுவது பெரியம்மாவின் புது வேலையானது. குசினி வாசலுக்கும் அதே மாதிரிச் சரிவு. முன்வாசல் படியை யாரும் தொடவில்லை.

சரிவு போட்டு ஒரு கிழமை கழித்துப் பேத்தி சொன்னாள்: "அம்மம்மா இந்தப் படியில ரெண்டு தரம் விழுந்தவ. ஒருக்கா சோத்துப் பானையோட." எனக்குத் தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று பெரியம்மாவைக் கேட்டேன். "படி எண்டால் படிதானே, அதை என்னத்தைச் சொல்லுறது" என்றார்.

அந்த வீட்டுக்குக் குடிவந்து பதினொரு வருடம். செயற்கைக் காலோடு ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தப் படிகளைத் தாண்டியிருப்பார்? நாங்கள் எல்லோரும் போய் வந்தோம், சாப்பிட்டோம், அந்த வாசலில் நின்று கதைத்தோம். ஒருவருக்கும் அந்தப் படி கண்ணில் படவில்லை. ரோபோ வந்து இரண்டாம் கிழமையே மேசன் வந்துவிட்டார். இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரிவுக்கு முடிந்த காசு ரோபோவின் விலையில் கால்வாசியும் இல்லை.

லேன்

பக்கத்து வீட்டு அக்கா முகமாலையில் ஆறு வருடம் மிதிவெடி எடுத்தவர். கிழமைக்கு இரண்டு நாள் வந்து பெரியம்மாவுக்கு முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்த்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். ரோபோ வந்ததும் "இனி அக்கா தேவையில்லையே" என்று அண்ணா போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் வந்து, கதிரையில் இருந்து, அது ஓடுவதை முழுக்கப் பார்த்தார்.

"லேன் போடுதே!" என்றார். அதிசயப்பட்டார் என்று நினைத்தேன், இல்லை, பரிசோதிக்கிறார். மிதிவெடி எடுப்பவர்கள் நிலத்தை ஒரு மீற்றர் அகலப் பாதைகளாகப் பிரித்து, ஒன்றை முடித்து, குறித்து, அடுத்ததுக்குப் போவார்கள். இரும்புத் துண்டு நிறைந்த இடங்களில் உணர்கருவி ஓயாமல் கத்துவதால் மண்ணையே வாருகோலால் வாரி வாரிப் பார்ப்பார்கள். இடையில் ஒரு கையகலம் விடுபடக்கூடாது. லைடார் ரோபோவும் அப்படித்தான் வரிசை வரிசையாகப் போகிறது. ஐரோபோ நிறுவனம் ரும்பா செய்த அதே காலத்தில் வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் பக்பொட் ரோபோவையும் செய்தது என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. குசினிக்குப் போய்க் கோதுமை மாவை எடுத்துவந்து, ஹோலிலும் அறையிலும் இருபது இடத்தில் ஒவ்வொரு சிட்டிகை வைத்தார். மூலைகளிலும் கட்டிலின் கால் மாட்டிலும் வைத்தது வேண்டுமென்றே.

ரோபோ முடித்தபின் ஆறு இடத்தில் மா அப்படியே கிடந்தது. நாலு மூலை, ஒரு கட்டில் கால், அலுமாரிக்குப் பின்னால் ஒன்று. வட்டமான பொருள் சதுர மூலைக்குள் போகாது, பக்கத்தில் சுழலும் சின்ன பிரஷ் எட்டும் வரைதான். "எங்கட வேலையில உப்பிடி ஆறை விட்டால் வீட்டை அனுப்பிப் போடுவினம்" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டு.

அன்றிரவு பெரியம்மா அண்ணாவுக்கு போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "அவள் வருவாள். மூலையை ஆர் கூட்டுறது?" மூலை ஒரு சாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கூலி நிற்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம்

தினமும் ஐந்து மணிக்கு ஓடட்டும் என்று நேரம் வைத்தேன். 550 சதுர அடியில் அதற்கு எட்டும் இடம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். ஆறுக்கு விளக்கு வைப்பார்கள். விளக்கு வைத்தபின் வீடு கூட்டக்கூடாது.

சோளகம் தொடங்கியதும் கணக்குப் பிழைத்தது. மணல் கூடினால் மோட்டர் முழு வேகத்தில் உறிஞ்சும், பற்றரி பாதியில் இறங்கும். அப்படி இறங்கினால் தட்டுக்குப் போய் சார்ஜ் ஏற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரும். கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அது தொடர வந்த நேரம் இரவு ஏழரை. சாமிக்கு விளக்கு எரிகிறது, பெரியம்மா காலைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருக்கிறார், ரோபோ பாட்டுக்கு வந்து லட்சுமியை வெளியே கூட்டுகிறது. கொப்பியில் அன்றைய பதிவு: "அம்மம்மா அதைக் கவிட்டு வைத்துவிட்டா." அடுத்த நாள் அந்த ஏற்பாட்டை நிற்பாட்டினேன். முடியாத இடம் முடியாததாகவே கிடக்கட்டும்.

வடிகட்டியும் சோளகத்தில்தான் பழிவாங்கியது. எங்கள் மண்ணின் பொடி அதில் அப்பிவிடும். கிழமைக்கு ஒருதரம் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட வேண்டும், ஈரத்தோடு போட்டால் மோட்டருக்குக் கேடு. மாற்றுவதற்கு இன்னொரு வடிகட்டி கையில் இல்லாமல் இந்த இயந்திரத்தை வன்னிக்கு அனுப்புவதில் பிரயோசனமில்லை. ஈரத் துணியால் துடைக்கும் வசதியும் அதில் இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலிலேயே வெள்ளையாகப் படிகிறது, அதன் சின்னத் துளைகள் என்ன பாடுபடும்? இரண்டு மாதத்தில் அடைத்துக்கொண்டது. நான் திருத்தவும் இல்லை.

2025 மாசி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கறண்ட் போனது. பாணந்துறையில் குரங்கு ஒன்று உபநிலையத்துக்குள் புகுந்ததாக அமைச்சர் சொன்ன அந்த நாள். நான் அன்று பேத்திக்குக் காட்டுவதற்காக ரோபோவைப் பகலில் ஓடவிட்டிருந்தேன். கறண்ட் போனாலும் அது பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து தட்டைத் தேடிப் போனது. தட்டு தான் இருக்கும் இடத்தை ஒளியால் அறிவிக்கும், அந்த ஒளிக்குக் கறண்ட் வேண்டும். தட்டுக்கு முன்னால் வந்து வந்து திரும்பி, திசை தெரியாமல் அலைந்து, கடைசியில் குசினி வாசலில் செத்துக் கிடந்தது. பெரியம்மா பாவப்பட்டுத் தூக்கி மேசையில் வைத்தார்.

தண்ணி அள்ளுவது

பெரியம்மாவின் முதல் கேள்வி எனக்குள் கிடந்து உறுத்தியது. தண்ணி அள்ளுவதும் தேங்காய் துருவுவதும் ஏன் இல்லை? ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆராய்ச்சியாளர் 1988இலேயே எழுதிவிட்டார்: பெரியவர்களுக்குக் கடினமான கணக்கையும் ஆட்டங்களையும் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது லேசு, ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நடமாடுவதையும் சொல்லிக்கொடுப்பதுதான் மலை. திருவலையில் இருந்து பாதித் தேங்காயைச் சுழற்றும் கை, ஓடு தட்டுப்படும் கணத்தில் தானாகத் தளர்கிறது. அதை எழுதி வைக்க யாராலும் முடியவில்லை.

2025 ஐப்பசியில் 1எக்ஸ் என்ற நிறுவனம் நியோ என்ற மனித உருவ வீட்டு ரோபோவை அறிவித்தது. விலை 20,000 டொலர். தெரியாத வேலை வந்தால், கம்பனியின் ஆள் ஒருவர் தூரத்திலிருந்து அதன் கண்ணால் பார்த்து, அதன் கையால் செய்து கொடுப்பார். இதைப் பெரியம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தாளையே சம்பளத்துக்கு வைக்கலாமே, கிட்ட ஆக்கள் இல்லையோ அவையளுக்கு?"

ஆனால் இப்படியான இயந்திரங்களை நான் முற்றாகத் தள்ளவில்லை. அமெரிக்காவில் ஹென்றி எவன்ஸ் என்பவர் 2002இல் மூளைத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அசைக்கவும் பேசவும் முடியாமல் போனவர். தலையசைவால் பி.ஆர்.2 என்ற பெரிய ரோபோவை இயக்கி, தன் முகத்தைத் தானே சொறிந்துகொண்டார். பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத வேலை. பெரியம்மாவைக் கேட்டேன், உங்களுக்கு இந்த ரோபோவில் என்ன பிடித்தது என்று. சுத்தம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "பின்னேரத்தில பிள்ளை வந்து கூட்டுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டுக்கு வந்த முதல் ரோபோ இது இல்லை. தண்ணீர்த் தாங்கியில் மிதவை ஏறியதும் கிணற்று மோட்டரைத் தானே நிறுத்தும் சுவிட்ச் 2016இல் வந்தது. சோறு வெந்து தண்ணீர் வற்றியதும் காந்தம் விட்டு "டக்" என்று விழும் ரைஸ் குக்கர் அதற்கும் முன்னம். உணர்கிறது, முடிவெடுக்கிறது, செய்கிறது. கதைப்பதில்லை, சுற்றித் திரிவதில்லை, அதனால் யாரும் அதை ரோபோ என்று கூப்பிடவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள்

சரிவும் மேசனும் முடிந்த பிறகு வந்த பங்குனி மாதத்தில் ரோபோ தானாக முடித்த நாட்கள் 24. மீதியில் பாதி, வயரும் பாயும். சோளக மாதங்களில் மறுபடி இறங்கியது. காலின் முனையில் புண் அந்த வருடம் ஒருமுறைதான் வந்தது, அதுவும் கிணற்றடியில் கல் கீறியதால். இதை வைத்து ரோபோதான் காத்தது என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் மழை. தண்ணீர் விறாந்தை ஏறி, முன்வாசல் படிக்கு அரை அங்குலம் கீழே நின்றது. "பாத்தியே தம்பி, அண்டைக்கு உடைச்சிருந்தால்?" என்று பெரியம்மா பிறகு மூன்று தரம் சொன்னார். கறண்ட் வந்ததும் பேத்தி அவசரப்பட்டு ரோபோவை விட்டாள். ஈரச் சேறு இடது சக்கரத்தின் பல்லுக்குள் போய் இறுகிவிட்டது. இப்போது அது என் கடையில், பழைய போன்களுக்கு நடுவே கவிழ்ந்து கிடக்கிறது. சக்கரத் தொகுதி கொழும்பில் இல்லை, சீனாவிலிருந்து வர வேண்டும்.

போன ஞாயிறு விசுவமடுவுக்குப் போனேன். அக்கா ஹோலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா குசினிச் சரிவில் சோற்றுப் பானையோடு நடந்து வந்து, பானையை மேசையில் வைத்தார். ரோபோ எப்ப வரும் என்று கேட்பார் என நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"கிணத்தடிப் படிக்கும் உப்பிடி ஒண்டு போட்டுத் தாவன் தம்பி" என்றார். "அந்த ரெண்டடிக் கணக்கிலயே."